ஓர் ஆள் குறைவாக

திங்கட்கிழமை வரும் அழுக்குத்துணி மூட்டைகள்தான் மோசம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆஸ்பத்திரிகளின் படிக்கட்டுக்கடியில் கட்டிப்போட்டபடியே கிடந்துவிட்டு, லாரியிலிருந்து இறங்கும்போதே புளித்து நாறிக்கொண்டு வரும். முடிச்சை அவிழ்த்ததும் முதலில் சூடு முகத்தில் அடிக்கும். அதற்குப் பிறகுதான் நாற்றம். பழகினவர்கள் அந்த ஒரு நொடிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு, மருந்துக்கு முகம் திருப்பும் பிள்ளையைப் போலத் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

பெரியக்கா அன்று வந்ததிலிருந்து பிரிக்கும் மேசையில்தான் நின்றிருந்தாள். வெள்ளைக் கோட்டின் மேல் ரப்பர் ஏப்ரன், முழங்கை வரை கையுறை, வாய்க்கு முகமூடி. விரிப்பு ஒரு கூடைக்கு, போர்வை ஒரு கூடைக்கு, ரத்தம் பட்டது தனியாக. எதையும் உதறக்கூடாது, மெல்லப் புரட்டிப் பார்த்துத்தான் போடவேண்டும். உள்ளே என்ன சுருண்டு கிடக்கும் என்று சொல்ல முடியாது. ஊசி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும். அன்று ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு பல்செட் சிரித்துக்கொண்டே வந்தது.

"யாரோ ஒரு தாத்தாவுக்கு இன்னைக்குப் பல்லு விளக்குற வேலை மிச்சம்" என்றாள் ரேடியோ, அதைத் தூக்கிப் பிடித்து. மேசையில் நின்ற சின்னவள் முகமூடிக்குள் புரையேறிச் சிரித்தாள்.

ரேடியோ என்பது பட்டப்பெயர். வாய் ஓயாது. மெஷின்கள் ஓடும் இரைச்சலில் மற்றவர்கள் சைகையில் பேசும்போது அவள் மட்டும் தொண்டையைத் திறந்து, வீட்டுக்காரர் ஓடிப்போன கதையைக்கூடச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளும் பெரியக்காவும் ஒரே வாரத்தில் இந்தச் சலவை ஆலைக்கு வேலைக்கு வந்தவர்கள். மடிப்பு மேசையில் எதிரெதிரே நின்று ஒரு விரிப்பின் நாலு மூலையையும் பிடித்துப் பிடித்து, ஒருத்தி கண்ணைச் சிமிட்டினால் மற்றவளுக்கு எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று தெரிகிற அளவுக்கு ஆகிப்போனவர்கள். பிறகு இருவரையும் பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே அப்போது இரண்டு அக்காக்கள் இருந்ததால் மூத்தவள் பெரியக்கா ஆனாள். அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது; மேனேஜரும்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

அவள் சூப்பர்வைசர் ஆனது போன வருஷம். அதற்கு முன்னால் இருந்தவர் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு மைக்கில் கத்துவார். "ரெண்டாம் உருளை, என்ன தூக்கமா?" என்று கூரையிலிருந்து குரல் இறங்கும். அவருக்கு மைக் என்றே பேர். அவர் வேறு ஆலைக்குப் போனதும், யாருக்கும் பகையில்லாதவள் என்று பெரியக்காவைக் கூப்பிட்டு வெள்ளைக் கோட்டைக் கொடுத்தார்கள்.

கோட்டு கைக்கு வந்த வாரத்தில்தான் சபையில் அந்தப் பிரசங்கம். தகரக் கூரை போட்ட சின்னச் சபை அது. வாரநாட்களில் தையல் மெஷின் பழுதுபார்க்கிறவர்தான் போதகர். எஜமானாக இருந்தவர் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கூட நடந்து வந்தவர்களின் புழுதிக் காலைக் கழுவிய கதையை அன்று அவர் சொன்னார். "பெரிய ஆளா இருக்கணும்னு ஆசையா? சரி, முதல்ல குனி" என்றார். பெரிய என்ற சொல் காதில் விழுந்ததும் தன்னைத்தான் சொல்கிறார் என்று பெரியக்காவுக்குத் தோன்றிவிட்டது. வீடு வந்து சேரும்வரை அவள் புருஷனோடுகூடப் பேசவில்லை.

மறுநாள் வெள்ளைக் கோட்டின் மேல் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவள் பிரிக்கும் மேசைக்கு வந்து நின்றபோது யாரும் சிரிக்கவில்லை.

"என்ன, வேவு பாக்கவா?" என்றாள் ரேடியோ.

"நீ போய் டீ குடிச்சிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"டீக்கு மணி அடிக்கலயே."

"நான்தான மணி. போ."

அப்படித்தான் தொடங்கியது. மேசையில் ஒருத்தி, உருளையில் ஒருத்தி, மடிப்பில் ஒருத்தி என்று முறை வைத்து உட்கார வைத்துவிட்டு அந்த இடத்தில் அவள் நிற்பாள். உருளை என்பது ஆள் உயரத்துக்குக் கொதிக்கிற இரும்பு. ஈர விரிப்பை ஒரு பக்கம் ஊட்டினால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் போய் வரும். அதன் முன்னால் நிற்கிறவர்களுக்குக் கால் வீங்கும், கண் எரியும். அங்கே நின்ற புள்ளத்தாச்சிப் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. கக்கூஸுக்குப் போக யாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் கையில் ஊசி குத்தினால் திட்டு விழுமே என்று ரத்தத்தை நக்கிவிட்டு வேலையைப் பார்த்தவர்கள், இப்போது "அக்கா, குத்திடுச்சு" என்று ஓடி வந்து காட்டினார்கள். அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மருந்து போட்டுக் கூட்டி வந்தாள். பெருக்குகிறவள் வராத ஒரு நாள் கக்கூஸையும் அவளே கழுவிவிட்டாள். மேலே கத்தல் நின்றது. லீவு எடுப்பது குறைந்தது. சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது பெண்களுக்குச் சிரிக்கத் தெம்பு மிச்சமிருந்தது.

வேலையும் நேரத்துக்கு முடிந்தது. அதுதான் வினை.

மேசையில் நின்ற மூன்று பேரில் ஒருத்தி சொந்த ஊருக்கே போய்விட்டாள். "கொஞ்ச நாள் சமாளிங்க, ஆள் பாக்கறோம்" என்றான் மேனேஜர். அவள் சமாளித்தாள். உருளையில் நின்ற வயதான அம்மாள் முழங்கால் ஆபரேஷனுக்குப் போனபோது, "தைரியமாப் போயிட்டு வாங்கம்மா, உங்க எடத்த நான் காப்பாத்தி வைக்கறேன்" என்று சொல்லி, அந்த இடத்திலும் பாதி நேரம் தானே போய் நின்றாள். அந்த அம்மாள் கைத்தடியோடு திரும்பி வந்தபோது இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இடம் இருந்தது. பெரியக்கா அதில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

இந்தத் திங்கட்கிழமை பல்செட்டைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தபோது கூரையிலிருந்து குரல் வந்தது. சூப்பர்வைசர் மேனேஜர் அறைக்கு வரவேண்டுமாம்.

"போ போ, உனக்கு மாலை போடப் போறாங்க" என்றாள் ரேடியோ.

மேனேஜர் சின்ன வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க பெரியக்கா. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். கீழ மூட்டை அவுத்தது அவுத்தபடி கிடக்கு."

"இதான். இதத்தான் முதலாளி சொல்லிக்கிட்டே இருக்கார். அவங்க சபையில இந்த மாசக் கடைசியில ஒரு பெரிய கூட்டமாம். தலைவன்னா வேலைக்காரனா இருக்கணும்ங்கறது தலைப்பு. எங்கிட்டயே ஒரு ஆள் இருக்காங்கன்னு உங்களப் பத்திச் சொல்லியிருக்கார். நீங்க மேடையில வந்து ரெண்டு வார்த்தை பேசணும்னு ஆசைப்படறார்."

"நானா? எனக்கு மேடையெல்லாம்..."

"அத விடுங்க, அப்புறம் பேசிக்கலாம். இப்ப வேற ஒண்ணு." மேசைமேல் இருந்த பேனாவை நேராக எடுத்து வைத்தான். "பிரிக்கற மேசையில இனிமே ரெண்டு பேர் போதும்னு முடிவாயிடுச்சு. அந்தச் சின்னவ இருக்கட்டும், வேகமா செய்யறா. உங்க தோழி இந்த வாரத்தோட."

"ரெண்டு பேரா? அவளும் போயிட்டா சின்னவ ஒருத்திதான சார் இருப்பா?"

"நீங்க இருக்கீங்களே."

அவள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டாள். கையுறையைக் கழற்றாமலே வந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. வரும் வழியெல்லாம் ஈரம் சொட்டியிருக்கும். "சார், ஒண்ணு சொல்றேன். இந்தக் கோட்ட எடுத்துக்கோங்க. எனக்கு வேண்டாம். நான் பழையபடி மேசைக்கே போயிடறேன், பழைய சம்பளத்துக்கே. அவள வச்சுக்கோங்க. பெரிய பொண்ணு நர்சுக்குப் படிக்குது சார், வீட்டுல சம்பாதிக்க வேற ஆள் கிடையாது."

மேனேஜர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். பிறகு, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"மேசை வேலையத்தான் நீங்க இப்பவே செஞ்சுக்கிட்டிருக்கீங்களே அக்கா. அப்ப அதுக்குத் தனியா ஒரு ஆள் எதுக்கு?"

அவள் கையுறையை உருவி மடியில் வைத்துக்கொண்டு, "நான் இனிமே மேசைக்குப் போகலன்னா?" என்றாள்.

அவன் சிரித்தான். கேலி இல்லை, அன்பாகவே சிரித்தான். "நீங்க அப்படிப்பட்டவங்க இல்லியே." கதவுவரை கூடவே வந்தான். "அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க அக்கா. நீங்க சொன்னா அவங்களுக்கு மனசு ஆறும்."

சாயங்காலம் உடை மாற்றும் அறையில் சொன்னாள். ரேடியோ பெஞ்சில் உட்கார்ந்து, வீங்கின காலை ரப்பர் பூட்ஸிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். ஒரு கால் வெளியே வந்திருந்தது. இன்னொன்று பூட்ஸுக்குள்ளேயே நின்றது.

"உன்னையே அனுப்பிச்சானா சொல்லச் சொல்லி?"

"ம்."

"கெட்டிக்காரன்."

"நான் கோட்டத் திருப்பித் தரேன்னு சொன்னேன். உன் எடத்துக்கு..."

"சொல்லியிருப்ப. நீ சொல்லாம இருப்பியா." ரேடியோ குனிந்து இன்னொரு காலையும் உருவினாள். அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "மைக் இருந்தானே, அந்தப் பாவி. ஒரு துணியத் தொட்டிருப்பானா? மாட்டான். ஆனா மேசையில ஒரு ஆள் குறைஞ்சா அன்னைக்கே மேனேஜர் மேசையத் தட்டுவான், ஆள் குடு, இல்லன்னா லாரியத் திருப்பி அனுப்புன்னு. அவனால குனிய முடியாது பாரு. அதனால எங்க மூணு பேரும் வேணும்னு இருந்துச்சு. நீ எங்களுக்காகக் குனிஞ்ச. குனிஞ்சு குனிஞ்சு மூணு பேரும் நீயே ஆயிட்ட."

"நான் நல்லதுக்குத்தானடி செஞ்சேன்."

"நல்லதுதான் செஞ்ச. யாரு இல்லன்னா? இந்த ஒரு வருஷமா வீட்டுக்குப் போனா பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடற அளவுக்குத் தெம்பு இருந்துச்சு எனக்கு. அதுவும் உன்னாலதான்." காலைப் பிசைந்துகொண்டே தரையைப் பார்த்தாள். "உன்மேல கோவம் இல்லன்னு சொல்லணும்னுதான் இருக்கு. வாயில வரமாட்டேங்குது."

அந்த வாரம் முழுக்க ரேடியோ மேசையில் நின்றாள், வேலையை ஒழுங்காகச் செய்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை கையுறையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டுப் போனாள்.

வீட்டில் பெரியக்காவின் புருஷன் எண்ணெயைக் காய்ச்சி அவள் மணிக்கட்டில் நீவிவிட்டுக்கொண்டிருந்தான். மூட்டை தூக்கியே முதுகு போனவன். இப்போது வீட்டில் சமையல் அவன்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒன்றுதான் சொன்னான்.

"உக்காந்துடேன்."

"எங்க?"

"நாற்காலிலதான். மேல உனக்குன்னு ஒண்ணு போட்டு வச்சிருக்காங்கல்ல? அதுல உக்காரு. வேலை தேங்கட்டும். தேங்கினா ஆள் போட்டுத்தான ஆகணும்?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அடுத்த வேலை நாள் அவள் ஏப்ரன் கட்டவில்லை. கண்ணாடி அறைக்குப் போய் மைக்கின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அமுங்கிப்போன நாற்காலி; வேறு ஒருவர் உடம்புக்குப் பழகியது. கீழே எல்லாம் தெரிந்தது, சத்தம் மட்டும் மேலே வரவில்லை. லாரி பின்பக்கமாக வந்து நின்றது. மூட்டைகள் சரிந்தன. சின்னவள் ஒருத்தியே முடிச்சை அவிழ்த்து, கூடைக்கு ஓடி, திரும்பி வந்து அடுத்த முடிச்சை அவிழ்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் திருப்ப அவளுக்கு நேரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மேசை மறைகிற அளவுக்குக் குவியல் ஏறியது. மடிப்பில் நின்றவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மேலே பார்த்தார்கள். பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

தேங்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள்.

மேனேஜர் கீழே வந்தான். குவியலைப் பார்த்தான்; மேலே கண்ணாடியையும் பார்த்தான். கோபப்படவில்லை. நேராக உருளைக்குப் போய், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புள்ளத்தாச்சியிடம் ஏதோ சொன்னான். அந்தப் பெண் எழுந்து, தொங்கிக்கொண்டிருந்த ஏப்ரன் ஒன்றை எடுத்து, வயிற்றுக்கு மேலே கட்டலாமா கீழே கட்டலாமா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, மேலே கட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். மேசை விளிம்பில் வயிறு இடித்தது. பக்கவாட்டில் திரும்பி நின்று ஒரு கையை நீட்டித்தான் மூட்டைக்குள் விட முடிந்தது. உள்ளே பார்க்காமல் துழாவினாள்.

பெரியக்கா எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஏப்ரனைக்கூடக் கட்டவில்லை. "கைய எடு, கைய எடுடி முதல்ல" என்று கத்திக்கொண்டே வந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். "பாக்காம விடறியே, உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"வந்துட்டீங்களா அக்கா?" என்றாள் அந்தப் பெண். அவள் கண்ணில் நீர் தளும்பி நின்றது. "எங்கமேல என்னமோ கோவம்னு நெனச்சுப் பயந்துட்டோம்."

மேனேஜர் போகிற போக்கில் பெரியக்காவைப் பார்த்துத் தலையை அசைத்தான், நன்றி சொல்கிற மாதிரி. அப்போது டீக்குக்கூட மணி அடித்திருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் போதகரைத் தேடிக் கடைக்குப் போனாள். பிரித்துப் போட்ட தையல் மெஷின்களுக்கு நடுவே பலகையில் உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், அவள் சொல்லச் சொல்ல எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"நீங்கதான ஐயா குனியச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"நான் குனிஞ்சேன். என் முதுகுமேல ஏறி நடக்கறாங்க."

அவர் கைத்துணியால் விரல் விரலாகத் துடைத்தார். "அவர் கழுவினது கூட நடந்தவங்க காலைத்தாம்மா. எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்தவங்க. எழுந்து கழுவினவரும் மறுபடி அதே பந்தியில வந்துதான் உக்காந்தார். உங்க ஆலையில பந்தியே இல்லியே. அத நான் யோசிக்கல." அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "அந்த முதலாளி தெய்வ பயம் உள்ளவர்னு சொல்றாங்க. பிரசங்கத்துக்கு அழுவாராம். மேடையில உன்னப் பேசக் கூப்பிடறாங்கல்ல? பேசு. நடந்தது நடந்தபடி சொல்லு. அத்தனை பேருக்கு முன்னால கேட்டா அவரால இல்லன்னு சொல்ல முடியாது."

அவளுக்கும் அது சரியென்று பட்டது. கூட்டத்தன்று கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டாள். புருஷன் கூட வந்தான். சொல்லவேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் உருப்போட்டாள். ஆறே வார்த்தைதான் என்றாலும் ஒவ்வொரு தடவையும் ஒன்று விட்டுப்போனது.

அந்தச் சபை பெரிய மண்டபம். தரையெல்லாம் கம்பளம், நடந்தால் சத்தமே வரவில்லை. குளிர்பதனம் எலும்பைத் தொட்டது. முதலாளி வாசலுக்கே வந்து அவளைக் கைப்பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப்போனார். வெளுத்த மனிதர், மெல்லிய குரல். தண்ணீர் கொண்டுவந்த பையனை நிறுத்தி, தட்டைத் தானே வாங்கி, குனிந்து அவளுக்கும் அவள் புருஷனுக்கும் நீட்டினார். சுற்றியிருந்தவர்கள் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள். அந்த மனிதரிடம் நடிப்பு எதுவும் தெரியவில்லை. அது அவளுக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

அவர் முதலில் பேசினார். பதவி வந்ததும் மேலே போய் உட்காராமல் கீழே இறங்கிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். கக்கூஸ் கழுவியதைச் சொல்லும்போது கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழை எளியவர் படும் பாட்டுக்கு அரசாங்கமும் மருந்து இல்லை, பணமும் மருந்து இல்லை, இப்படிப்பட்ட தலைவர்கள்தான் மருந்து என்றார். பிறகு அவளை மேடைக்குக் கூப்பிட்டார்.

மைக்கைப் பிடித்ததும் கூரையிலிருந்து தன் மூச்சுச் சத்தமே இறங்கியதைக் கேட்டு அவள் திடுக்கிட்டாள். கீழே முகங்கள் இருட்டாக இருந்தன.

"வணக்கம். எனக்குப் பேசத் தெரியாது" என்றாள். உருப்போட்டதெல்லாம் மறந்துபோயிருந்தது. "ஐயா சொன்னது நிஜம்தான். நான் எல்லார் எடத்துலயும் போய் நின்னேன். அவங்களுக்குக் கால் வலிக்குதே, கொஞ்சம் உக்காரட்டுமேன்னுதான் நின்னேன். நான் நின்னதால அவங்க வேண்டாம்னு ஆயிடுச்சு. உருளையில நின்ன அம்மா போயாச்சு. மேசையில ரெண்டு பேர் எடம் போச்சு. ஒருத்தி என்கூட ஒண்ணா வேலைக்கு வந்தவ. அவங்களத் திரும்பக் கூப்பிடணும். எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரு ஆள் செய்யற வேலைக்கு ஒரு ஆள் இருக்கணும். ஐயா அதச் செய்யணும்னு எல்லார் முன்னாலயும் கேட்டுக்கறேன்."

முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெரியக்கா சொல்லிவிட்டாள். நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைத்தாற்போல இருந்தது.

முதலாளி எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவர் கண் நிறைந்திருந்தது. மைக்கை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினார்.

"கேட்டீங்களா?" என்றார், குரல் நடுங்க. "இவ்வளவு பெரிய மேடை. கேட்டா எதுவும் கிடைக்கும். தனக்குன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா? 'எனக்கு ஒண்ணும் வேண்டாம்'னு சொன்னாங்க. இங்க நிக்கும்போதும் மத்தவங்களத்தான் நெனைக்கறாங்க. ஊழிய உள்ளம்னா என்னன்னு நான் ஒரு மணி நேரம் பேசினேன். இவங்க ரெண்டே நிமிஷத்துல காட்டிட்டாங்க."

முதலில் ஒரு மூலையில் தொடங்கிய கைதட்டல் மண்டபம் முழுக்கப் பரவியது. எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு அம்மாள் மேடைக்கே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அம்மாளின் தோளுக்கு மேலாகப் பார்த்தபோது, அத்தனை பேரிலும் அவள் புருஷன் ஒருவன்தான் உட்கார்ந்தபடி இருந்தான்.

இறங்கும்போது முதலாளியைப் படிக்கட்டில் நிறுத்தி, "ஐயா, அப்ப அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எல்லாரையும் என் ஜெபத்துல வச்சிருக்கேம்மா" என்றார் முதலாளி, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. "நீ சொன்னது என் நெஞ்சக் குத்திடுச்சு. சும்மா விடமாட்டேன். ஏதாவது செய்யறேன்."

செய்தார். அடுத்த வாரமே மற்ற ஷிப்டு சூப்பர்வைசர்களையும், மடிப்பு, லாரி, ஸ்டோர் எல்லாவற்றுக்கும் தலைமையாக இருந்தவர்களையும் மேனேஜர் கூப்பிட்டுப் பேசினான். இனி எல்லாரும் பெரியக்கா மாதிரி இறங்கி நின்று வேலை செய்யவேண்டும் என்பது முதலாளியின் ஆசை. கண்ணாடி அறைகளைப் பூட்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள். மற்ற சூப்பர்வைசர்கள் வழியில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் மட்டும் நின்று, "நல்லா இரும்மா" என்றார். அவர் சொன்ன விதத்தில் அது வாழ்த்து இல்லை. அந்த மாசம் முடிவதற்குள் ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வேலை இழந்து, உடை மாற்றும் அறையில் அவர்கள் சாமான் வைக்கும் பெட்டிகள் காலியாயின. புள்ளத்தாச்சி பிரசவத்துக்குப் போனாள். "திரும்பி வர்றப்ப என் எடம் இருக்குமா அக்கா?" என்று கேட்டதற்குப் பெரியக்கா, "உடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.

புது மாசத்தின் முதல் நாள் காலையில் அவள் தெருமுனையில் மற்றவர்களோடு நின்றுகொண்டிருந்தாள். ஆலை பஸ் அந்தப் பக்கமாகத்தான் வரும். ஏறும்போதே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, முன்னால் ஏறினவள் பின்னால் வருகிறவளுக்குச் சீட்டில் பையைப் போட்டு இடம் பிடித்து, பாதிப்பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் எப்போதும் போவார்கள். அன்று திருப்பத்தில் பஸ் வரவில்லை. சின்ன வேன் ஒன்று வந்து நின்றது. பஸ் டிரைவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். அவரே இறங்கிச் சுற்றி வந்து கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

"கிளீனர் எங்க அண்ணே?" என்று சின்னவள் கேட்டாள்.

"இனிமே நானேதான்" என்றார் டிரைவர். "ஏறுங்க, ஏறுங்க. பஸ் காலியாப் போகுதாம், அதான் இது."

ஒவ்வொருவராக ஏறினார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை, பையைப் போட்டு இடம் பிடிக்கவும் இல்லை. கடைசியாகப் பெரியக்கா ஏறியதும் டிரைவர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சுற்றிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொண்டார். எல்லாருக்கும் உட்கார இடம் இருந்தது.